அப்பாவுக்குப் பத்து நிமிடம் பேச்சு குழறிச் சரியாகிவிட்டது. காலை வரை பொறுக்கலாமா?

கேள்வி: கரிசல்காட்டான், மாலை 6:50

வணக்கம். நான் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன். பெற்றோர் சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார்கள். அப்பாவுக்கு வயது 67. பத்து ஆண்டுகளாகப் பிரஷர் மாத்திரை சாப்பிட்டுவருகிறார்.

இன்று மாலை நாலரை மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தவரின் வலக்கையிலிருந்து டம்ளர் நழுவி விழுந்திருக்கிறது. சூடு தாங்காமல் விட்டுவிட்டார் என்று நினைத்து அம்மா வேறு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தபோது, கையை நீட்டியவரால் டம்ளரைச் சுற்றி விரல்களை மடக்க முடியவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில், வாய் நிறைய வெற்றிலையை அடக்கிக்கொண்டு பேசுவதைப் போல இருந்ததாம். வாய் ஒரு பக்கமாக இறங்கியிருந்ததா என்று அம்மாவிடம் கேட்டேன். மீசை மறைத்துவிட்டதால் கவனிக்கவில்லை என்கிறார். பத்து, பதினைந்து நிமிடத்தில் எல்லாம் சரியாகி, அவரே எழுந்துபோய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்திருக்கிறார்.

பித்தம் தலைக்கேறியிருக்கும் என்று சொல்லிப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா எலுமிச்சம்பழச் சாறு கொடுத்திருக்கிறார். இப்போது நான் போனில் பேசினேன். பேச்சு தெளிவாகவே இருக்கிறது. வலியே இல்லாததற்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று கேட்கிறார். நாளை காலை உள்ளூர் டாக்டரிடம் காட்டலாம் என்று அம்மா சொல்கிறார். இது பக்கவாதத்தின் அறிகுறியா? முழுவதும் சரியாகிவிட்ட பிறகும் அவசரம் உண்டா? வீட்டில் ஆஸ்பிரின் மாத்திரை இருக்கிறது, அதைக் கொடுத்துவைக்கலாமா?

பதில்: வெள்ளைத்தொப்பி, மாலை 7:05

பொறுக்க வேண்டாம், தம்பி. இன்றிரவே கொண்டுபோக வேண்டும். செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணத்தை அப்பா வண்டியில் ஏறிய பிறகு படித்துக்கொள்ளலாம்.

அம்மாவை 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். அழைக்கும்போது மயக்கம், தலைசுற்றல் என்றெல்லாம் சொல்லாமல், "கை விழுந்து பேச்சு குழறியது, பக்கவாதமாக இருக்கும் என்று பயமாக இருக்கிறது" என்று அந்தச் சொல்லையே சொல்லச் சொல்லுங்கள். சிடி ஸ்கேன் இருக்கும் பெரிய மருத்துவமனைக்கு நேராகப் போவதுதான் முக்கியம். உங்கள் ஊருக்குத் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எட்டும் தூரம்தான். ஸ்கேன் இல்லாத இடத்தில் இறங்கி ஊசி போட்டுக்கொண்டு திரும்பி வருவதில் பயன் எதுவும் இல்லை. அப்பா பைக்கை எடுக்கக் கூடாது. சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளட்டும். நாலரை மணி என்பதை அம்மா ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளட்டும். போகிற இடத்தில் முதலில் கேட்கப்போகும் கேள்வி அதுதான்.

ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். மூளையில் நடந்தது அடைப்பா, கசிவா என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதைப் பெருக்கிவிடும். பிரஷர் கூடியிருக்கிறது என்று யாராவது நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்து அவசரமாக இறக்கவும் விடாதீர்கள். அடைப்புக்கு அப்பால் இருக்கும் மூளைப் பகுதிக்கு அந்த உயர்ந்த அழுத்தத்தால்தான் கொஞ்சமாவது ரத்தம் போய்க்கொண்டிருக்கும். எலுமிச்சைச் சாறு போனது போகட்டும், இனி மருத்துவமனையில் விழுங்கும் திறனைச் சோதித்துப் பார்க்கும் வரை தண்ணீர்கூட வேண்டாம். தொண்டைத் தசை தளர்ந்திருந்தால் குடிப்பது நுரையீரலுக்குள் போய்விடும்.

நான் அரசு மருத்துவமனையில் 31 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். "நேற்றே லேசாக வந்து தானாகச் சரியாகிவிட்டது சிஸ்டர்" என்று சொல்லிக்கொண்டே மறுநாள் ஒரு பக்கம் முழுவதும் விழுந்த நிலையில் கொண்டுவரப்பட்டவர்களை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். அதனால்தான் இவ்வளவு கறாராக எழுதுகிறேன்.

கரிசல்காட்டான், இரவு 7:42

வண்டி வந்துவிட்டது. அப்பா முரண்டு பிடித்தார். நான் போனில் அழுததைக் கேட்டுத்தான் ஏறினார். நானும் பஸ் ஏறிவிட்டேன். இருந்தாலும், பத்து, பதினைந்து நிமிடத்தில் சரியானதை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வது ஏன் என்று தெரிந்தால், அங்கே போய் அப்பாவிடம் எடுத்துச்சொல்ல உதவியாக இருக்கும்.

பதில்: பனங்கூடல், இரவு 8:30

நான் யாழ்ப்பாணத்தில் இருக்கிறேன். இங்கே இதைப் பாரிசவாதம் என்போம். உங்கள் தகப்பனார் தனக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததும் என் தாயாரின் ஞாபகம் வந்தது. எங்களுக்குத் தெரியாமல் போன ஒரு விஷயத்தை எழுதுவது யாருக்காவது உதவக்கூடும்.

ஒரு நாள் மத்தியானம் அம்மா சாப்பிட்டு எழும்பியபோது, கோப்பையில் (சாப்பாட்டுத் தட்டை இங்கே அப்படித்தான் சொல்வோம்) இடப்பக்கத்துச் சோறும் கறியும் கத்தியால் கோடு போட்டது போல அப்படியே இருந்தன. வலப்பக்கம் மட்டும் சுத்தமாகக் காலியாகியிருந்தது. பசியில்லையாக்கும் என்று என் மனைவி கோப்பையைக் கழுவ எடுத்துப்போய்விட்டார். பிறகு அம்மா நடந்து வரும்போது இடத் தோளைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டார். இடக்கை தொங்கியபடி இருந்தது. கையைத் தூக்குங்கள் என்றால் வலக்கையைத் தூக்கிக் காட்டி, "தூக்கிப்போட்டன்தானே" என்றார். வலியும் இல்லை, பேச்சும் தெளிவு, சிரிப்பும் வழக்கம்போல. தனக்கு ஒரு குறையும் இல்லை என்று அவர் உறுதியாகச் சொன்னதை நாங்கள் நம்பினோம். எண்ணெய் காய்ச்சிப் பூசினோம். மாலை ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டு ஆசிரியர் வந்து பார்த்துச் சத்தம் போட்ட பிறகுதான் எங்கள் அவசர எண்ணான 1990-க்கு அழைத்து நோயாளர் காவு வண்டியை வரவழைத்தோம்.

மூளையின் வலப்பாதியில் அடைப்பு வந்தால், உடம்பின் இடப்பாதி என்று ஒன்று இருப்பதையே அந்த மனிதர் உணராமல் போகக்கூடும் என்று வைத்தியர் விளங்கப்படுத்தினார். அம்மா பொய் சொல்லவில்லை, பிடிவாதமும் பிடிக்கவில்லை. இடக்கை விழுந்தது அவருக்குத் தெரியவே இல்லை. நோயாளி "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்வதுகூட இந்த நோயின் ஒரு குறியாக இருக்கலாம் என்பதை நான் அறிந்திருந்தால், அந்தக் கோப்பையைப் பார்த்த கணமே வண்டியை அழைத்திருப்பேன். அம்மா பிழைத்துக்கொண்டார், ஆனால் அந்தக் கையால் அதன் பிறகு தலைமுடியைக்கூடப் பின்ன முடியவில்லை.

பதில்: நரம்புமருத்துவன், இரவு 9:40

செவிலியர் அம்மா சொன்ன ஒவ்வொன்றும் சரி. ஏன் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற உங்கள் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அப்பாவுக்கு வந்ததைச் சிறு பக்கவாதம் என்று சொல்வார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது. அதில் இருக்கும் "சிறு" என்ற சொல்லே ஆளை அசட்டையாக இருக்கச் செய்துவிடுகிறது. ஒரு ரத்தக் கட்டி மூளைக்குப் போகும் குழாயில் வந்து சிக்கி, கொஞ்ச நேரத்தில் தானாகக் கரைந்து நகர்ந்திருக்கிறது. அந்தக் கட்டி எங்கிருந்து கிளம்பியதோ அந்த இடம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. கழுத்துக் குழாயில் படிந்த கொழுப்பாகவோ, தாறுமாறாகத் துடிக்கும் இதயமாகவோ அது இருக்கலாம். இப்படி வந்து போனவர்களைப் பின்தொடர்ந்து கலிஃபோர்னியாவில் செய்யப்பட்டு 2000-இல் வெளியான ஆய்வில், பத்தில் ஒருவருக்கு மூன்று மாதத்துக்குள் முழுப் பக்கவாதம் வந்தது. அதில் பாதி முதல் இரண்டே நாளில் வந்துவிட்டது. உங்கள் அம்மா பொறுக்கலாம் என்று நினைத்த இன்றைய இரவு அந்த இரண்டு நாளுக்குள்தான் இருக்கிறது. இதற்கு மறுபக்கமும் உண்டு. 2007-இல் ஆக்ஸ்ஃபோர்டில் இப்படிப்பட்டவர்களுக்கு உடனுக்குடன் பரிசோதனையும் மருந்தும் கொடுத்துப் பார்த்தபோது, அடுத்து வரும் பக்கவாதம் ஏறக்குறைய 80 சதவீதம் குறைந்தது. ஒரு நோய் முன்கூட்டியே சொல்லிவிட்டு வருவது அபூர்வம். இது அப்படிப்பட்ட சமயம்.

வலி இல்லை என்பதால் தள்ளிப்போடுவதுதான் நான் அதிகம் காணும் காரணம். நெஞ்சு வலித்தால் நடு இரவிலும் ஓடி வருகிறவர்கள், கை மரத்துப்போனால் படுத்து எழுந்தால் சரியாகும் என்று படுத்துவிடுகிறார்கள். மூளைத் திசுவுக்கு வலியை உணரும் நரம்பு கிடையாது. அடைப்பினால் வரும் பக்கவாதம் பெரும்பாலும் வலியில்லாமலேதான் வரும். கசிவினால் வருவதில் பல சமயம் தலைவலியும் வாந்தியும் சேர்ந்துகொள்ளும். வாழ்நாளில் இதுவரை வராத கடும் தலைவலி ஒரு நொடியில், இடி விழுந்ததைப் போல உச்சத்துக்கு ஏறினால், கை கால் நன்றாக இருந்தாலும் அது அவசரம்தான்.

மீசை மறைத்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். வாய் மூடியிருக்கும்போது பார்த்தால் தெரியாது. பல்லைக் காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பல் தெரிந்து மறுபக்கம் உதடு விலகாமல் நின்றால் அதுவே போதும். கைகளைச் சோதிக்க, கண்களை மூடிக்கொண்டு இரண்டு உள்ளங்கைகளும் வானத்தைப் பார்க்கும்படி நேராக நீட்டிப் பத்து எண்ணும் வரை வைத்திருக்கச் சொல்லுங்கள். விழவே வேண்டும் என்பதில்லை; ஒரு கை மெல்ல உள்பக்கமாகத் திரும்பிக்கொண்டே இறங்கினாலும் அது பலவீனம்தான். பேச்சில் இரண்டு விதம் உண்டு. நாக்கு தடித்தது போலக் குழறுவது ஒன்று; அது எல்லோருக்கும் தெரிந்துவிடும். நாக்கு தெளிவாக இருந்தும் சொல் தப்புவது இன்னொன்று: கண்ணாடியைக் கேட்க நினைத்துக் குடையைக் கேட்பார், நாம் சொல்வது விளங்காமல் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டாவதை வீட்டில் உள்ளவர்கள் வயதான குழப்பம் என்றோ, காற்று கருப்பு அடித்திருக்கிறது என்றோ எடுத்துக்கொள்வதை இன்றைக்கும் பார்க்கிறேன். நேற்று வரை நன்றாகப் பேசியவர் இன்று திடீரென்று இப்படிப் பேசினால் அது வயதினால் வந்ததல்ல.

முகம், கை, பேச்சு என்ற மூன்றோடு நிறுத்திவிட்டால் மூளையின் பின்பக்கத்தில் வருபவையும் கண்ணைப் பாதிப்பவையும் தப்பிவிடும். ஒரு கண்ணில் திரை இறங்கியது போலச் சிறிது நேரம் இருட்டிவிட்டு மீள்வது, எதிரே இருப்பது இரண்டாகத் தெரிவது, பார்வையின் ஒரு பாதி காணாமல் போவது, பிடித்துக்கொள்ளாமல் உட்காரக்கூட முடியாத அளவுக்குத் தள்ளாட்டம் ஆகியவையும் திடீரென்று வந்தால் அதே அவசரத்துக்கு உரியவை. தலைசுற்றுபவர்கள் எல்லோருக்கும் பக்கவாதம் என்று நான் சொல்லவில்லை. சுற்றலோடு நடையும் போய், பார்வையோ விழுங்குவதோ கெட்டால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்கிறேன்.

வாய் கோணியவர்கள் எல்லோருக்கும் பக்கவாதம் என்றும் இல்லை. முகநரம்பு மட்டும் வீங்கி வரும் முகவாதத்தில் அந்தப் பக்கத்து நெற்றியைச் சுருக்கவும் முடியாது, கண்ணை இறுக மூடவும் முடியாது. மூளையில் வரும் அடைப்பில் பெரும்பாலும் நெற்றி தப்பிவிடும். ஆனால் இதை வைத்து நீங்கள் வீட்டில் முடிவெடுக்கக் கூடாது. அதைப் பிரித்தறிவது எங்கள் வேலை. சர்க்கரை தாழ்ந்தாலும் கை விழுந்து பேச்சு குழறும் என்பதால், விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து முதலிலேயே பார்த்துவிடுவோம். விரல் நுனி என்றதும் நினைவுக்கு வருகிறது: பத்து விரல்களிலும் ஊசியால் குத்தி ரத்தம் வடியவிட்டால் பக்கவாதம் நீங்கும் என்று வாட்ஸ்அப்பில் ஆண்டுக்கணக்காகச் சுற்றும் செய்தி முழுப் பொய். புறா ரத்தம் தேய்ப்பதும் அப்படியே. இவற்றால் வரும் பெரிய கேடு, போகிற நேரம்தான்.

அடைப்பைக் கரைக்கும் மருந்தை, தொடங்கிய மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் உண்டு என்று 1995-இலும், அதை நாலரை மணி நேரம் வரை நீட்டலாம் என்று 2008-இலும் நிறுவப்பட்டது. பெரிய குழாய் அடைத்திருந்தால் தொடை வழியாகக் கம்பியைச் செலுத்திக் கட்டியை வெளியே இழுக்கிறார்கள். அதை ஆறு மணி நேரம் வரையிலும், ஸ்கேனில் காப்பாற்றத்தக்க பகுதி மிச்சமிருப்பது தெரிந்தால் 24 மணி நேரம் வரையிலும் செய்யலாம். இந்தக் கணக்கு எப்போது தொடங்குகிறது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். நோயாளியைக் கடைசியாக நல்லபடியாகப் பார்த்த நேரமே எங்களுக்குத் தொடக்கம். இரவு பத்து மணிக்கு நன்றாகப் படுத்தவர் காலை ஐந்து மணிக்குக் கை விழுந்து எழுந்தால், ஐந்து மணி என்று சொல்லாதீர்கள், பத்து மணி என்று சொல்லுங்கள். தவறான நேரத்தை நம்பி மருந்து கொடுத்தால் மூளையில் ரத்தம் கசிந்துவிடக்கூடும். நேரம் கடந்துவிட்டது என்று நீங்களே முடிவுசெய்து வராமலும் இருந்துவிடாதீர்கள். பெரிய குழாய் அடைத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 108-க்குக் காத்திருக்கும்போது இது எனக்கே பதற்றத்தைத் தரும் எண்.

ஒன்றை மட்டும் கேள்விக்குச் சற்று வெளியே போய்ச் சேர்க்கிறேன், ஏனென்றால் இது இளம் உயிர்களைப் பற்றியது. பிள்ளை பெற்ற சில வாரங்களுக்குள் ஒரு பெண்ணுக்கு விடாத தலைவலியும், அதோடு வாந்தியோ வலிப்போ கை கால் பலவீனமோ வந்தால், அது மூளையிலிருந்து ரத்தம் திரும்பும் குழாய்களில் உறைவு ஏற்பட்டதாக இருக்கலாம். பச்சை உடம்பு என்று சொல்லித் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் வழக்கம் ரத்தத்தை இன்னும் உறையச்செய்கிறது. பேய் பிடித்ததாக எண்ணி மந்திரிக்கக் கொண்டுபோன பிறகு எங்களிடம் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் உரிய சிகிச்சையில் நன்றாகத் தேறிவிடக்கூடியவர்கள்.

கரிசல்காட்டான், மூன்றாம் நாள், காலை 10:15

எல்லோருக்கும் நன்றி. அப்பா இப்போது வார்டில் இருக்கிறார். அன்றிரவே சிடி ஸ்கேன் எடுத்தார்கள். அதில் ஒன்றும் தெரியவில்லை. அதைக் கேட்டதும் "பார்த்தாயா" என்று அப்பா என்னைப் பார்த்தார். மறுநாள் எடுத்த எம்ஆர்ஐயில் இடப்பக்க மூளையில் பச்சைமிளகாய் விதை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளியைக் காட்டி, இதுதான் டம்ளரைக் கீழே போட்டது என்று டாக்டர் சொன்னபோது, அப்பா வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கழுத்துக் குழாயில் குறை இல்லை. வந்தபோது எடுத்த ஈசிஜியும் சரியாகவே இருந்தது. ஆனால் கட்டிலருகே மாட்டியிருந்த கருவியில் இரண்டாம் நாள் விடியற்காலையில் இதயத் துடிப்பு நாற்பது நிமிடம் தாளம் தப்பி ஓடியது பதிவாகியிருக்கிறது. இதயத்தின் மேலறை சரியாகச் சுருங்காமல் நடுங்குவதாகவும், அங்கே தேங்கும் ரத்தம் உறைந்து மூளைக்குப் போவதாகவும் விளக்கினார்கள். ஆறு மாதமாக அவ்வப்போது படபடப்பு வந்ததை அப்பா இப்போதுதான் சொல்கிறார். ரத்தம் உறையாமலிருக்கக் காலை ஒன்று, இரவு ஒன்று என்று அபிக்ஸாபன் மாத்திரை எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். நாலரை மணி என்று அம்மா எழுதிய தாளை அவசரப் பிரிவில் வாங்கிக் கேஸ் ஷீட்டோடு சேர்த்துவைத்தார்கள்.

இன்னும் ஒரு சந்தேகம். அப்பா இரவு மாத்திரையை மறந்துவிட்டுப் படுத்துவிடும் பழக்கம் உள்ளவர். பிரஷர் மாத்திரையைப் போல இதையும் ஒரு வேளை விட்டால் பரவாயில்லையா?

பதில்: வெள்ளைத்தொப்பி, மூன்றாம் நாள், காலை 11:00

விடக் கூடாது, தம்பி. பிரஷர் மாத்திரையையும் விடக் கூடாதுதான். ஆனால் இதன் வேலை பன்னிரண்டு மணி நேரத்திலேயே ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடும். ஒரு வேளை விட்டால் அன்றிரவு பாதுகாப்பு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மறந்தால் நினைவு வந்தவுடன் அன்றைக்கே போட்டுக்கொள்ளலாம். மறுநாள் காலையில் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. பல் பிடுங்கப் போனாலும், முழங்கால் வலிக்கு மாத்திரை வாங்கப் போனாலும் இந்த அட்டையைக் காட்டிவிட்டுத்தான் எதையும் செய்துகொள்ள வேண்டும். மலம் கறுத்துப் போனாலோ, ஈறில் ரத்தம் நிற்காமல் வந்தாலோ, தலையில் அடிபட்டாலோ உடனே காட்டுங்கள்.

எங்கள் வார்டில் நான் சொல்லிக்கொடுத்த வழி ஒன்று உண்டு. இரவு மாத்திரையைத் தலையணைக்கு அடியிலோ அலமாரியிலோ வைக்காமல், அவர் படுக்கப் போகும் முன் கட்டாயம் தொடுகிற பொருளோடு வைக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் அது தொழுவத்து விளக்கின் சுவிட்சா, வாசல் கதவின் சாவியா என்று அம்மாவுக்குத்தான் தெரியும்.